வெட்டாத கோதுகள்

என் கணவர் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவர். வந்த இடத்தில் சந்தா கட்டித் துவக்குச் சுடப் போனவரும் அவரேதான். இதைச் சொல்லிச் சொல்லிக் கெல்சென்கிர்ச்சன் தமிழ்ச் சனம் வருடக்கணக்காகச் சிரித்தது. ஒருமுறை கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "என்னக்கா, அண்ணை இப்ப ஆரைச் சுடுறார்?" என்று கேட்டார். "பேப்பரை" என்றேன். "பேப்பர் பாவம், என்ன பிழை செய்தது?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நூறு மீற்றரில ஒரு தேத்தண்ணிக் கோப்பை அகலத்துக்குள்ள பத்துச் சூடு விழுத்திக் காட்டட்டும், பிறகு சிரிக்கட்டும்" என்றார்.

அவர் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் முப்பது வருடம் நின்றவர். பக்கத்து இயந்திரத்தில் நின்ற ஜெர்மன்காரர்தான் அவரைத் தன்னுடைய சுடும் கழகத்துக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனார். அந்த நண்பர் கழகத்தின் செயலாளர். பெரிய மீசை, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல். என் கணவர் போய்ச் சொசேஜ் சாப்பிட்டுவிட்டு வருவார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ பரீட்சை எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, இரண்டு துவக்குகளுக்கு அனுமதி எடுத்துக்கொண்டு வந்தார். சுட்ட கோதுகளில், அந்த வெற்றுத் தோட்டா உறைகளில், தானே திரும்ப வெடிமருந்து நிரப்புவதற்கு இன்னொரு வகுப்பு, இன்னொரு பரீட்சை, இன்னொரு அனுமதி. இந்த நாட்டில் எதையும் ஒரே கடிதத்தில் முடிக்க விடமாட்டார்கள்.

எனக்கு முதலில் அந்தக் கோதுகளைப் பார்க்கவே பிடிக்காது. ஊரில் ஹெலிகொப்டர் சுட்டுவிட்டுப் போனபின் எங்கள் வளவில் கிடந்த கோதுகளும் இதே மஞ்சள், இதே மணம். இரண்டு வருடம் அவர் கெல்லருக்குள், வீட்டின் நிலவறைக்குள், வேலை செய்யும்போது நான் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பிறகு மகள் படிக்கவென்று ஆஹென் போய்விட்டாள். மேலே தனியாக இருந்து தொலைக்காட்சியோடு சண்டை பிடிப்பதைவிடக் கீழே போய் மனிதரோடு சண்டை பிடிக்கலாம் என்று ஒருநாள் இறங்கிப் போனேன்.

அன்றுதான் அவர் எனக்குக் கோது வெட்டக் காட்டித் தந்தார்.

வேலை சின்ன வேலைதான். சுட்ட பித்தளைக் கோது நெருப்பில் உப்பும். அதைத் திரும்ப அச்சில் விட்டு நெருக்கும்போது நீளும். நீண்டால் வாய்ப்பக்கத்தில் ஒரு துளி வெட்டி எடுத்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றோ இரண்டோ. மேசையில் பூட்டிய கைப்பிடிக் கருவி ஒன்று. கோதை அதில் இறுக்கிக் கைப்பிடியைச் சுற்றினால், முன்னால் இருக்கும் வெட்டி வாயைச் சீவும். குறித்த நீளம் வந்ததும் அதற்குமேல் போகாமல் தட்டி நிற்கும். பிறகு உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுக்க வேண்டும். ஒரு பெட்டி முடிய மேசையில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள்தான் மிஞ்சும்.

"வெட்டாட்டி என்ன?" என்று கேட்டேன்.

"நீளமான கோதின்ர வாய் குழலுக்குள்ள போய் நெரிஞ்சு நிக்கும். குண்டு லேசில கழராது. அமுக்கம் ஏறும். ஏறினால் துவக்கு வெடிக்கும். துவக்கு எங்க இருக்கும்? முகத்துக்குக் கிட்ட" என்றார்.

நான் துணி திருத்தும் கடையில் வேலை செய்கிறவள். காற்சட்டைக் கால் வெட்டுவது என் பிழைப்பு. அளவு என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருடைய ஷீப்லேரை, அதுதான் நீளம் அளக்கும் அந்த இரும்பு இடுக்கியை, ஒரே நாளில் பழகிக்கொண்டேன். மருந்தையும், நிரப்பி முடிந்த தோட்டாவான ரவையையும் நான் தொடக்கூடாது, அனுமதி அவருக்கு மட்டும்தான். வெறும் கோதை யாரும் தொடலாம். ஆகவே கோது எனக்கு, மருந்து அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அப்படியே பல வருடங்கள் போயின. எங்கள் கலியாண வாழ்க்கையில் நாங்கள் அதிகமாகக் கதைத்தது அந்தக் கெல்லருக்குள்தான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஐம்பது கோதுக்கு ஒரு பெட்டி. வெட்டி முடிந்ததும் பெட்டி மூடியில் கறுப்புப் பேனையால் ஒரு கோடு. கோடு இருந்தால் வெட்டியாயிற்று, கோடு இல்லையென்றால் வெட்டவில்லை. அதற்குமேல் கேள்வி கிடையாது. "மனிசன் மறப்பான், மூடி மறக்காது" என்பார். நான் கோடு போட மறந்த நாட்களில், அவர் கண்முன்னாலேயே நான் வெட்டிய கோதுகளைத் திரும்பவும் ஒவ்வொன்றாக அளப்பார். விசர் பிடித்த மனிதன் என்று ஏசுவேன். ஆனால் கழகத்தில் மற்றவர்கள் தங்கள் கோதுகளைக் கொண்டுவந்து அவரிடம்தான் அளக்கக் கொடுத்தார்கள். தொழிற்சாலையில் கடைசி நாள்வரை அவர் 'அந்தச் சிறீலங்காக்காரன்' தான். கழகத்தில் மட்டும்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கழகத்துக்குப் போகிற சனிக்கிழமை காலையில் அவர் முகம் கழுவி வருகிற விதமே வேறு. அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டால் இந்த மனிதனிடம் என்ன மிஞ்சும் என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

அவர் ஓய்வு பெற்று இரண்டாவது வருடம், ஒருநாள் வேலையால் வந்து கீழே இறங்கினேன். மேசையில் மஞ்சள் தூள் இல்லை, மஞ்சள் மலை. சுருள் சுருளாகப் பித்தளைச் சீவல். அவர் பாட்டுக்குக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கோதை எடுத்துப் பார்த்தேன். கழுத்தில் பாதி இல்லை. அவருடைய இரண்டு துவக்குகளுக்கும் கோது வேறு வேறு. ஒன்று ஐம்பத்தைந்து மில்லிமீற்றர், மற்றது ஐம்பத்தொன்று. கருவியைக் குட்டைக் கோதுக்கு வைத்துவிட்டு நெட்டைக் கோதுகளை வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று கோது போய்விட்டது.

யானைக்கும் அடி சறுக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முப்பது வருடம் கடைசலில் நின்ற கை அது. பத்தில் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே கைப்பிடியில் தெரிகிறது என்று எனக்குச் சொன்ன கை. நாலு மில்லிமீற்றர் பித்தளையை வியர்க்க வியர்க்கச் சுற்றி எடுத்திருக்கிறது, நாற்பத்து மூன்று தடவை. அது சறுக்கல் இல்லை என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது, மேல வாங்கோ" என்றேன். அவர் போனதும் கோதுகளையும் சீவலையும் ஒரு பையில் அள்ளிக் கட்டி, என் கடைக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அதே கோதில் புதுசாக ஒரு பெட்டி வாங்கி அந்த இடத்தில் வைத்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு ஒரு வருடத்துக்குக் கிட்ட நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். கருவியை நானே சரிபார்த்தேன், கோதெல்லாம் நானே வெட்டினேன். அவருக்குக் கை நோகுமென்று சொல்லிச் சமாளித்தேன். வைத்தியரிடம் போவோம் என்றால், "எனக்கு ஒண்டுமில்லை, உமக்குத்தான் விசர்" என்பார். மகள் தொலைபேசியில், "அப்பா ஒரே கதையை மூண்டு தரம் சொல்லுறார் அம்மா" என்றாள். "அவர் எப்பவும் அப்படித்தானே" என்றேன். என் பிள்ளைக்கே பொய் சொன்னேன். சனிக்கிழமை போய்விடக் கூடாது என்று மட்டும்தான் யோசித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவர் மிகுந்த சந்தோசமாக இருந்தார். நாளைக்கு இருபது ரவை நிரப்பி வைத்துவிட்டேன் என்றார். எந்தப் பெட்டியில் என்று கேட்டேன். காட்டினார். மூடியில் கோடு இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை நான் வெட்டவில்லை. மேசை துடைத்த மாதிரிக் கிடந்தது, ஒரு பொட்டுத் தூள் இல்லை. மிச்சம் இருந்த முப்பது கோதையும் அவர் முன்னாலேயே அளந்தேன். முப்பதும் நீளம். அப்படியென்றால் நிரப்பிய இருபதும் நீளம்தான்.

"இது வெட்டேல்லைப் போல கிடக்கு. நாளைக்கு இதைச் சுட ஏலாது" என்றேன்.

"மூடியைப் பாரும்."

"மூடி கிடக்கட்டும். கோதைப் பாருங்கோ. ஷீப்லேரைப் பாருங்கோ."

"நான் வெட்டாமல் கோடு போடுவனே? எந்தக் காலத்தில போட்டனான்? சொல்லும்." மூடியில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார். "நீர் அளக்கிற விதம் பிழை." பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மூடினார். நிரப்பிய ரவைகள் இரும்புப் பெட்டகத்துக்குள் இருந்தன. அதன் இலக்கம் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

கழகம் ஊருக்கு வெளியே, காட்டுப் பக்கம். கார் இல்லாமல் போக முடியாது. மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரம் கார்த் திறப்பை எடுத்து என் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அதை எழுத இப்போதும் கை கூசுகிறது. பத்து மணியிலிருந்து அவர் தேடினார். மேலங்கிப் பைகள், சப்பாத்துத் தட்டு, குசினி லாச்சி. ஒரே இடத்தை நாலு தரம் தேடினார். அரிசி வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். கதிரை மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தேன். "எங்க வைச்சனீங்கள், வடிவா யோசியுங்கோ" என்று ஒருதரம் கேட்டும்விட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. செயலாளரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆனால் அவர் கூப்பிடவில்லை. திறப்பைத் துலைத்தேன் என்று அவரிடம் சொல்ல வெட்கம்.

இரண்டு மணிபோல மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். திறப்பு என் தொடையில் குத்தியது.

"இஞ்சாரும்" என்றார். "எனக்கு என்னவோ நடக்குது. பயமாக் கிடக்கு."

இத்தனை மாதமாக அவர் வாயிலிருந்து வர வேண்டுமென்று நான் காத்துக் கிடந்த சொல் அது. துலைக்காத திறப்பைத் துலைத்ததாக நினைத்துத்தான் அது வந்தது. அந்த இடத்தில் திறப்பை எடுத்து நீட்டியிருந்தால் நான் நல்ல மனுசி. நீட்டவில்லை. "திங்கட்கிழமை வைத்தியரிட்ட டெர்மின் எடுப்பம்" என்றேன். தலையாட்டினார். அவருடைய மறதியை எடுத்து அவரையே அடித்தேன். வேறு வழி இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வைத்தியரைச் சந்திக்க டெர்மின் எடுத்தேன். வெட்டாத கோதில் இருபது ரவை கிடக்கிறது என்று மட்டும் சொல்லி, அன்றைக்கே செயலாளரையும் கூப்பிட்டேன். தேத்தண்ணி குடிக்க வந்தவர் மாதிரி வந்தார். கெல்லருக்குப் போய், அந்த இருபது ரவையைத் தானும் சுட்டுப் பார்க்க வேண்டுமென்று நைசாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கார்வரைக்கும் நான் கூடப் போனேன். நாற்பத்து மூன்று கோது முதல் கார்த் திறப்பு வரை எல்லாவற்றையும் அந்த வீதியில் நின்றபடி சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, இதைத் தெரிந்துகொண்டு தான் சும்மா இருக்க முடியாது என்றார். அனுமதிகளைப் பார்க்கும் பொலிஸ் பிரிவுக்குத் தானோ நானோ எழுத வேண்டும்.

"நான் எழுதுறன்" என்றேன். செயலாளர் எழுதினால் என் கணவருக்குத் துவக்கோடு நண்பரும் போய்விடுவார் என்று நினைத்தேன்.

ஜெர்மன் மொழியில் பதினொரு வரி. துணிக்கடை மேசையிலிருந்து எழுதினேன். இந்த நாட்டில் எத்தனையோ அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஏதோ ஒன்றைத் தாருங்கள் என்று கேட்டு. எங்களிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதியது அந்த ஒரு தரம்தான்.

வைத்தியர் டிமென்ஸ் என்றார், மறதி நோய்தான், ஆரம்பம் என்றார். சில வாரங்களில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், ஒரு பெண், ஒரு ஆண். மரியாதையானவர்கள். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார்கள். இவர் பெட்டகத்தைத் தானே திறந்தார். அன்றைக்கு இலக்கம் பிழைக்கவில்லை. இரண்டு துவக்குகளையும், ரவைகளையும், மருந்துப் போத்தல்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வெறும் கோதுகளைக் காட்டி, இதற்கு அனுமதி தேவையில்லை, வைத்திருக்கலாம் என்றார் அந்தப் பெண். "டாங்க" என்றார் இவர். அவர் அந்த நன்றியைச் சொன்ன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கதவு பூட்டியதும் திரும்பி என்னைப் பார்த்தார். "ஆர் அறிவிச்சது?"

"தெரியாது" என்றேன்.

"அவன்தான். மீசைக்காரன்." கதிரையில் இருந்தார். "இருபது ரவை வாங்கிக்கொண்டு போனவன் அவன்தானே. முப்பது வருசம் பக்கத்தில நிண்டவன்." பிறகு என் கையைப் பிடித்தார். "நீர் ஒராள்தான் என்ர பக்கம்."

செயலாளரிடம் ஓடிப்போய் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், என் மேலேயே இருக்கட்டும்" என்றார் அந்தச் சின்னக் குரலில். "ஓய்வு பெற்ற பிறகு என்னை அவர் சனிக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்தார். உங்களை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்." அதற்குப் பிறகும் இரண்டு தரம் எங்கள் வீட்டு மணியை அடித்தார். இவர் கதவைத் திறக்க விடவில்லை.

இந்த நோயில் எது போகும், எது தங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் சாப்பிட்டது போய்விடும். மகள் வந்துவிட்டுப் போனது போய்விடும். துவக்கு போனது மட்டும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலைத் தேத்தண்ணியோடு அதே கேள்வி வரும். ஆர் அறிவிச்சது? நானும் அதே பதில் சொல்வேன். அவரும் அதே முடிவுக்கு வருவார், அதே மாதிரி என் கையைப் பிடிப்பார்.

ஒருநாள் என்னால் முடியவில்லை. "நான்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அன்று முழுவதும் சாப்பிடவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். மறுநாள் காலை எழும்பி வந்து தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, ஆர் அறிவிச்சது என்று கேட்டார்.

பிறகு ஒரு மாதம் கழித்து இன்னொரு தரம் சொன்னேன். கோப்பையைத் தள்ளிவிட்டார், உடைந்தது. மறுநாள் அந்தக் கோப்பை எங்கே என்று கேட்டார்.

மூன்றாவது தரம் சொன்னது போன கார்த்திகையில். வெளியே மழை. அன்று அவருக்கு நல்ல நாள், என் பெயரை இரண்டு தரம் சரியாகச் சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியில் கோடு போட்டு வெட்டாமல் விட்ட பெட்டியை, கார்த் திறப்பை, பதினொரு வரியை. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, பட்டறையில் ஒரு வேலையைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"வெட்டாத கோதெண்டால் சுட விடக்கூடாதுதான். நான் எண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். நீர் அழாதையும்."

அழாதையும் என்றதும்தான் நான் அழுதேன். அன்று மத்தியானம் சோறும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் மழை விட்டதும் இரண்டு பேரும் தெரு முனைவரை நடந்து போய் வந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இவ்வளவு நாளும் அவர் பிடித்தபோதெல்லாம் சுட்ட கை, அன்று சுடவில்லை.

மறுநாள் காலை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார், ஒரு மிடறு குடித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் அறிவிச்சதெண்டு உமக்குத் தெரியுமோ?"

அவர் என்னை மன்னித்தது இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியாது" என்றேன்.

"அவன்தான், மீசைக்காரன்" என்றார். "நீர் ஒராள்தான் என்ர பக்கம்."

"ஓம்" என்றேன்.